ஈரமா, காய்ந்ததா

திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டத்தை நடத்துபவர் விரைவில் உங்களை உள்ளே அழைப்பார் என்று அதன் கீழே எழுதியிருந்ததை ஜெசிந்தா மறுபடி மறுபடி படித்தாள், படித்தால் சீக்கிரம் அழைத்துவிடுவார்கள் என்பதுபோல. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிவி ஓடுகிறது என்பதால் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல முடியாது. போன வாரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அம்மா சமையலறையில் நின்று அப்போதுதான் இறக்கிவைத்த வாணலியை வெறும் வாணலி என்று நினைத்துத் துடைக்கப்போய் எண்ணெய்க்குள் கையை வைத்துவிட்டாள். எண்ணெய் மினுங்குவது அவளுக்குத் தெரியாது. மினுங்குவது என்பதே தெரியாது இப்போது. இன்றைக்கு சிலிண்டரை மூடியாகிவிட்டது, பாத்ரூம் தரையைத் துணி போட்டுத் துடைத்தாகிவிட்டது, வாளியைக் கவிழ்த்தாகிவிட்டது, கண்ணாடி டம்ளரெல்லாம் பரணில். வேறென்ன. வேறென்ன இருக்கிறது இந்த வீட்டில் பார்த்ததும் தெரியவேண்டியது. எல்லாமேதான். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்து மறுபக்கம் இருண்டு போயிருந்ததால் நாற்காலி முதுகில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு வெளிச்சத்தைத் திருப்பியிருந்தாள். திரையின் ஓரத்தில் தெரிந்த தன் முகத்தில் நெற்றி மட்டும் பளபளத்தது. வியர்வையா எண்ணெயா, எதுவாக இருந்தாலும் கேமராவுக்கு அது ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான், அந்தப் புள்ளியை வியர்வை என்று படிப்பது பார்க்கிறவரின் மூளை. இதைப் பற்றித்தான் நாலு வருஷம் ஆராய்ச்சி செய்ய வருகிறேன் என்று அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். பவுடர் போட எழுந்தாள், எழுந்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்று மறுபடி உட்கார்ந்தாள்.

பாலக்கரையில் இந்த நேரத்தில் கரண்ட் போகும். போகக்கூடாது. பிரிட்டோவிடம் காலையில் பேசியிருக்கக்கூடாது. இன்டர்வியூ இருக்கிற நாளில் அண்ணனிடம் பேசினால் மனசு எங்கே நிற்கும். ஓசூரில் ஏதோ ரோட்டோரத்தில் நின்றுகொண்டு பேசினான், லாரி சத்தத்துக்கு நடுவே, "அந்த ஹோம்ல சிஸ்டர்ஸ் இருக்காங்க ஜெசி, நல்லா பார்த்துப்பாங்க, அம்மா வயசுல நிறைய பேர் இருக்காங்க, பேச்சுத்துணையும் ஆச்சு" என்றான். "நீ வந்து பார்த்தியா அந்த இடத்தை?" "போட்டோ அனுப்பினாங்களே." "அம்மாகிட்ட நீ சொல்றியா?" என்று கேட்டதற்கு ஒரு லாரி போய் முடிந்ததும், "நீதானே பக்கத்துல இருக்க" என்றான். பக்கத்தில் இருப்பவர்கள்தான் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று யார் வைத்த சட்டம். டாக்டர் சொன்னபோதும் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணு அனுப்புறதை வாங்கிக்கிற இடத்துல, மூளையோட பின்பக்கத்துல, ஒரு பகுதி போயிடுச்சு. வடிவம் தெரியும், டம்ளர்னு தெரியும், அது எவர்சில்வரா பிளாஸ்டிக்கானு பார்த்துச் சொல்ல முடியாது, தொட்டாச் சொல்லிடுவாங்க" என்று அவர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே சொன்னபோது அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெஞ்சையே தடவிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவுக்கு அப்போது என்ன தோன்றியது. அழுகை வந்தது, ஆனால் அழுகை வருவதற்கு முன்னால், ஒரு இமைப்பொழுது முன்னால், இப்படி ஒருத்தியைப் பற்றிப் படித்திருக்கிறோமே என்று தோன்றியது. ஸ்கேன் படத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டாள். மகள் ரொம்பக் கவனமான பெண் என்று டாக்டர் நினைத்திருப்பார். எதற்குக் கேட்டோம் என்று இன்றைக்குவரை அவளுக்கே சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வதும் உண்மைதானா.

அழைத்துவிட்டார்கள். வட்டம் மறைந்து இரண்டு பெட்டிகள் திறந்தன. ஒன்றில் பேராசிரியை ஹெல்மா, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய உருண்டைகள், மரத்தில், எஃகில், பளிங்கில், மெழுகில், குழந்தைகள் விளையாடும் சாமான்போல. இன்னொன்றில் அவருடைய உதவியாளர் யோனஸ், குனிந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அங்கே அவர்களுக்குக் காலை நேரம், ஜன்னல் வெளிச்சம் நீலமாக, ஈரமாக இருந்தது. வணக்கம் சொல்லி, வெயில் எப்படி, குளிர் எப்படி என்று பேசி முடித்ததும் ஹெல்மா கேட்டார், இந்தக் கேள்விக்குள் நீங்கள் எப்படி வந்தீர்கள், படித்தது இயற்பியல், வேலை பெயின்ட் கம்பெனியில். இதற்குப் பதில் தயாராக இருந்தது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த பதில். காருக்குப் பூசும் பெயின்டின் பளபளப்பை அளக்கும் கருவி, அது இரண்டு தகடுகளுக்கும் ஒரே எண்ணைக் காட்டியது, பார்க்க வந்த வாடிக்கையாளர் மட்டும் ஒன்றைக் காட்டி இது உயிரோட இருக்கு, அது செத்துக் கிடக்கு என்று சொல்லிவிட்டார், கருவி பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை, அப்படியானால் பளபளப்பு எங்கே இருக்கிறது, தகட்டிலா, வெளிச்சத்திலா, அவருக்குள்ளேயா. சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ஹெல்மா தலையாட்டிய விதம் தெரிந்தது. இதேபோல, இதைவிட நன்றாக, இன்று காலையிலிருந்தே யார் யாரோ சொல்லியிருப்பார்கள். ஒருத்தன் ஓவியம் பற்றிச் சொல்லியிருப்பான், ஒருத்தி நிஜமாகவே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவளாக இருப்பாள். அடுத்த கேள்வி கணித மாதிரிகள் பற்றி, அதற்கு அடுத்தது அவள் படிக்காத ஒரு கட்டுரை பற்றி. படிக்கவில்லை என்று சொன்னாள். யோனஸ் எதையோ தட்டிக் குறித்துக்கொண்டான். நழுவுகிறது, நழுவுகிறது என்று உள்ளே ஒரு குரல், குளிக்கும்போது சோப்பு நழுவுவதுபோல, இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிகமாக நழுவுகிறது, இது போய்விட்டால் மறுபடி ராஜினாமா செய்துவிட்டு வந்த அந்தக் கம்பெனிதான், அதுவும் திரும்ப எடுத்துக்கொண்டால், இல்லையென்றால் இந்த ஃப்ளாட், இந்தக் கவிழ்த்த வாளி, பாப்பா இங்க கால் வைக்கலாமா, பாப்பா இது காய்ஞ்சிருக்கா, பாப்பா இதுல என்ன இருக்கு, விடிந்தால் அடைந்தால் அதே கேள்வி, அம்மாவுக்கு வயது அப்படியொன்றும் அதிகமில்லை, இன்னும் இருபது முப்பது வருஷம். சீ. ஒரு மகள் போடுகிற கணக்கா இது.

அப்போது கதவு திறந்தது. அம்மா, ஊருக்கெல்லாம் அடைக்கலமேரி டீச்சர், வாசலில் நின்றாள், ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையின் விரல் டம்ளருக்குள். கட்டு அவிழ்த்த உள்ளங்கை சிவப்பாக உரிந்திருந்தது. "பாப்பா, இதுல தண்ணி இருக்குன்னு விரல் சொல்லுது. குடிக்கிற தண்ணியா, நீ ஊற வெச்சதா?" என்றாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல், அது மட்டும் போகவில்லை. திரையில் ஹெல்மாவின் புருவம் உயர்ந்தது. மன்னியுங்கள், என் அம்மா, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு எழுந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஹாலில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள். மன்னியுங்கள், என் அம்மா, வரை சொன்னாள். பிறகு, அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பொருட்கள் எதனால் ஆனவை என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஈரம் தெரியாது, பளபளப்பு தெரியாது, வடிவம் எல்லாம் தெரியும் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. தானாகத்தானா. வாக்கியம் இலக்கணப் பிழை இல்லாமல் வந்ததே. யோனஸ் தட்டச்சை நிறுத்தி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். ஹெல்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எந்தக் கருவியாலும் அளக்க முடியாத வெளிச்சம். அவர் நல்லவர், மரியாதையாகத்தான் கேட்டார். அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், சிரமம் இல்லையென்றால் மட்டும், சில படங்களைக் காட்டலாமா, இது பரிசோதனை இல்லை, ஆர்வம்தான், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லலாம் என்று அவரே வழி விட்டார். ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, இவங்க கொஞ்சம் படம் காட்டுவாங்களாம். பார்த்துச் சொல்றியா?" "எதுக்கு?" "சும்மாதான்." "இது உன் இன்டர்வியூதானே?" "ஆமா." அம்மா டம்ளரை மேஜையில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள், நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த நாட்களில் கிளம்பும் முன் அப்படித்தான் செய்வாள். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதல் படத்தில் இரண்டு கூழாங்கற்கள், ஒன்று ஆற்றிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல நனைந்து கறுத்து மின்னியது, மற்றது வெளுத்துக் காய்ந்து கிடந்தது. எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். எது ஈரம் என்று கேட்கச் சொன்னார் ஹெல்மா. அம்மா முன்னால் குனிந்தாள். விரல் தானாகப் போய்த் திரையைத் தொட்டது, இந்தக் கல்லைத் தொட்டது, அந்தக் கல்லைத் தொட்டது. "எல்லாம் ஒரே வழவழப்பாத்தான இருக்கு" என்று முணுமுணுத்தாள். "தொடாதம்மா, பார்த்துச் சொல்லு." அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள், தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது" என்று காய்ந்த கல்லைக் காட்டினாள். அடுத்தது எஃகு உருண்டையும் சுண்ணாம்பு உருண்டையும். தப்பு. அடுத்தது பட்டுத்துணியும் பருத்தித்துணியும். தப்பு. பருத்தி எது என்றதற்குப் பட்டுக்கு நேரே நீட்டிய விரலை ஜெசிந்தாவால் பார்க்க முடியவில்லை. தப்பு, தப்பு என்று ஒவ்வொன்றாக விழ விழ அந்தப் பக்கம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யோனஸ் வேகமாகத் தட்டினான், ஹெல்மா அற்புதம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உடனே, மன்னியுங்கள், நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றார். ஜெசிந்தாவும் அவசரமாக, பரவாயில்லை, புரிகிறது என்றாள். புரிந்ததுதான். கையில் இருந்து நழுவியது திரும்பி வந்துகொண்டிருந்தது. அம்மா மேலும் ஒரு தப்பு சொன்னால் இன்னும் கொஞ்சம் பக்கம் வரும். அடுத்த படத்தில் ஒரு கட்டி மெழுகும் அதே நிறத்தில் ஒரு கல்லும். அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இது மெழுகு" என்றாள், சரியாக. சரியாகச் சொல்லிவிட்டாள். ஜெசிந்தாவின் நெஞ்சுக்குள் ஏதோ சரிந்தது, பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குச் சரிவதுபோல, ஐயோ இதை ஏன் சரியாகச் சொன்னாய் என்று. நினைத்துவிட்டாள். நினைத்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது. பெற்ற தாய் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றைப் பார்த்துச் சரியாகச் சொல்லியிருக்கிறாள், கைதட்டவேண்டும், கட்டிக்கொள்ளவேண்டும். "எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டாள். கேட்ட குரல் அதட்டலாக வந்தது. "ஓரம் வழிஞ்சு கீழ வந்து நிக்குது பாரு. கல்லு வழியுமா?" என்றாள் அம்மா பெருமையாக. ஜெசிந்தா திரும்பி அதை ஆங்கிலத்தில் சொன்னாள், ஒரு சொல் விடாமல் சொன்னாள், பிறகு யாரும் கேட்காமலேயே, அவர் பரப்பைப் பார்த்துச் சொல்லவில்லை, உருகிய வடிவத்தை வைத்து ஊகித்திருக்கிறார், வடிவத்தை நீக்கிவிட்டுக் காட்டினால் இதுவும் தவறிவிடும் என்று சேர்த்துக்கொண்டாள். மிகச் சரி, என்றார் ஹெல்மா. அந்த நேர்காணலில் அவளுக்குக் கிடைத்த முதல் மிகச் சரி. அம்மா இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளிடம் இருந்த ஒரே ஒரு சரியான விடையையும் மகள் வாங்கி விற்றுவிட்டாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும். தெரியாது. தெரியக்கூடாது. படம் மாறியது, வடிவம் இல்லாத வெறும் பரப்புகள், சதுரம் சதுரமாக. தப்பு. தப்பு. அம்மா ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள், தெரியாது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பரீட்சையில் எதையும் எழுதாமல் விடாதே, ஏதாவது எழுது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, அவள் வாய் பேசியது, தலை ஆடியது. முறையான முடிவைக் குழு சொல்லும், ஆனால் நீங்கள் செப்டம்பரில் இங்கே இருக்கத் தயாராகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் என்றார் ஹெல்மா. உங்கள் தாயார் சம்மதித்தால் வாரம் ஒரு முறை இதுபோல இணையம் வழியாகப் படங்கள் காட்ட விரும்புகிறோம், முதல் ஆய்வு அவரைப் பற்றியதாகவே இருக்கலாம், சம்மதம் என்பது அவருடையதாக இருக்கவேண்டும், உங்களுடையது அல்ல, அவரிடம் கேளுங்கள், நிதானமாகக் கேளுங்கள். ஜெசிந்தா கேட்கவில்லை. அம்மா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். சம்மதிப்பார், என்றாள். நீங்கள் இங்கே வந்துவிட்டால் அவரை யார் கவனித்துக்கொள்வார்கள் என்று கேட்டான் யோனஸ், அக்கறையாகத்தான் கேட்டான், அவனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள். என் அண்ணன், என்றாள். சொல்லும்போது லாரி சத்தம் காதில் கேட்டது. கையசைத்தார்கள், அம்மாவும் கையசைத்தாள், உரிந்த உள்ளங்கை திரையில் பெரிதாகத் தெரிந்தது, பெட்டிகள் இரண்டும் மறைந்தன. மின்விசிறி சுற்றுகிற சத்தம் இப்போதுதான் கேட்டது. கரண்ட் போகவே இல்லை. போயிருந்தால் இந்நேரம் யாரையாவது திட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பிரிட்டோ பார்த்துக்கிறானாமா?" என்றாள் அம்மா. தமிழ் மீடியத்தில் பாடம் எடுத்தவள்தான், ஆனாலும் பிரதர் என்பது புரியாதா. "ம்" என்றாள் ஜெசிந்தா. அவன் வீட்டிலா, வேறெங்காவதா என்று அம்மா கேட்டால் சொல்லிவிடவேண்டும், இப்போதே, இந்த நிமிஷமே, சிஸ்டர்ஸ், பேச்சுத்துணை, போட்டோ, எல்லாவற்றையும். கேட்கவேண்டும் என்று இருந்தது. கேட்டுவிடுவாளோ என்றும் இருந்தது. அம்மா கேட்கவில்லை. "சரி" என்றாள். மேஜையைத் தடவி டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நான் கெடுத்துட்டேனா?" என்றாள். "எதை?" "உன் இன்டர்வியூவை. நிறைய தப்பாச் சொன்னேன்ல. அந்தம்மா முகம் ஒரு மாதிரி ஆச்சு. மெழுகு மட்டும்தான் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது, மத்ததெல்லாம் ஒரு குருட்டாம்போக்குலதான். உனக்கு வேலை குடுக்காம விட்டுடுவாங்களா?" "இல்லம்மா. குடுத்துட்டாங்க." "பொய் சொல்லாத." "நிஜமாம்மா. குடுத்துட்டாங்க." "அத்தனை தப்புக்கு அப்புறமா?" அத்தனை தப்புக்காகத்தான் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், அது அவளிடம் இல்லை. "உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். வாரா வாரம் உன்கூடப் பேசணும்னாங்க, படம் காட்டணுமாம்" என்றாள். அம்மா நிமிர்ந்தாள். உடம்பு முழுக்க நிமிர்ந்தது. இந்த ஆறு மாதமாக எதையும் தடவித் தடவிக் குனிந்தே இருந்த முதுகு. "வாரா வாரமா? அப்படிச் சொல்லு. அப்போ நான் படிச்சிருவேன் ஜெசி. இன்னைக்குத் திடீர்னு கேட்டாங்க, அதான். வாரா வாரம்னா நாலஞ்சு வாரத்துல பிடிச்சிருவேன். எந்த மக்குப் பிள்ளையையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்குடுத்தா வந்துரும். நீ போறதுக்குள்ள எல்லாத்தையும் கரெக்டாச் சொல்லிடுவேன், பாரு. அப்புறம் உனக்கு அங்க என்னைப் பத்தின கவலையும் இருக்காது. அந்தப் படமெல்லாம் உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. ஹெல்மா அனுப்பிவிட்டிருந்தார், பின்னால் பயன்படும் என்று. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, தலைப்பை மறுபடி சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் காத்திருந்தாள். வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். இது உனக்கு வராதும்மா, வந்தாலும் அவர்களுக்கு வேண்டாம், வராமல் இருந்தால்தான் எனக்கு இடம், வந்தால் உனக்கு நல்லது, இரண்டில் எதற்காக நான் ஜெபம் பண்ணட்டும் என்று கேட்க இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. ஜெசிந்தா படத்தைத் திறந்தாள். அதே இரண்டு கூழாங்கற்கள். "எது ஈரம்?" அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கண் சுருங்கி நெற்றி மடிந்தது. முழு வகுப்பும் தன்னையே பார்ப்பதுபோலத் தயங்கி, கடைசியில் விரலை நீட்டாமல், தொட்டுவிடாமல், வாயால் மட்டும், "வலது பக்கம் இருக்குறது" என்றாள். வலது பக்கம் இருந்தது உலர்ந்து வெளுத்த கல். அம்மா திரும்பி மகளின் வாயைப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றாள் ஜெசிந்தா.

"பார்த்தியா?" என்றாள் அம்மா. "ம், அடுத்ததைப் போடு."